ஏரியில் பிரேக் கிடையாது

எங்கள் ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் என் வீட்டுக்காரரிடம் கற்றுக்கொண்டவர்கள். வாத்தியார் என்று சொன்னால் பள்ளிக்கூடத்து ஆசிரியரை யாரும் நினைக்க மாட்டார்கள், இவரைத்தான் நினைப்பார்கள். முப்பது வருஷமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பூக்கடைக்காரி, பல் டாக்டர், எழுபத்திரண்டு வயதில் திடீரென்று ஆசை வந்த ஒரு பெரியவர், எதிர்வீட்டுக்காரி என்று மூவாயிரம் பேருக்காவது கற்றுக்கொடுத்திருப்பார். எதிர்வீட்டுக்காரி இப்போதெல்லாம் என்னைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறாள். அது வணக்கமா வம்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மட்டும் வண்டி ஓட்டத் தெரியாது.

இதில் பெரிய கூத்து, அந்தப் பள்ளியில் சாலை விதிகளைப் பாடம் எடுப்பதே நான்தான். முன்னறையில் ஒரு கரும்பலகை, பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவர் முழுக்கச் சிவப்பு முக்கோணமும் நீல வட்டமும். எங்கே முந்தலாம், எங்கே முந்தக் கூடாது, மழையில் முன்வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்னிடம் படித்த ஒருவரும் எழுத்துப் பரீட்சையில் தோற்றதில்லை. பாடம் முடிந்ததும் அவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறுவார்கள். நான் பலகையைத் துடைத்துவிட்டு பஸ் ஏறிக் காய்கறி வாங்கப் போவேன்.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. நாலு தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் பார்த்தேன். நாலு தடவையும் தெருமுனை தாண்டுவதற்குள் சண்டை. சுவரில் மோதியவனிடம்கூட "பரவாயில்லப்பா, சுவரைத் திரும்பக் கட்டிக்கலாம்" என்று சொன்ன மனுஷன் இவர். குரல் உயர்ந்து ஊரில் யாரும் கேட்டதில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் அவருக்குள் யாரோ வந்து உட்கார்ந்துகொள்வார்கள். போன மாதம் நாற்சந்தியில் சிக்னலுக்காக நின்றிருந்தோம். "கிளட்ச், கிளட்ச், கிளட்ச்" என்று அவர் போட்ட சத்தத்தில் டீக்கடையில் நின்றிருந்தவர்கள்கூடக் காலை மிதித்திருப்பார்கள். நான் எஞ்சினை அணைத்தேன், இறங்கினேன், கதவைக்கூடச் சாத்தாமல் வீட்டுக்கு நடந்தேன். பச்சை விழுந்த பிறகு வண்டியை அப்படி விட்டுவிட்டுப் போவது விதிப்படி குற்றம். அபராதம் எவ்வளவு என்பதும் எனக்கு மனப்பாடம்.

வீட்டுக்கு வந்ததும் அரை கிளட்சுக்குப் போன் செய்தேன்.

அரை கிளட்ச் என்பவன் இவருடைய பழைய மாணவன். எந்நேரமும் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டுவான் என்று இவர்தான் அந்தப் பெயரை வைத்தார். இப்போது எங்கள் பள்ளிக்கு நேர் எதிரே அவனே ஒரு பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறான். இரண்டு நீல வண்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி. நாங்கள் வைத்திருப்பது ஒரே ஒரு வெள்ளை வண்டி, ஒரு மேஜை விசிறி.

"திங்கக்கிழமை காலைல ஏழு மணி வகுப்பை எனக்குன்னு எழுதிக்கோ" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, வாத்தியார் என்னை உரிச்சு உப்புத் தடவிடுவாரு."

"அதை நான் பாத்துக்கறேன். நீ எழுதிக்கோ."

ராத்திரி சாப்பிடும்போது வாத்தியாரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். தட்டையே பார்த்துக்கொண்டு, "என் பெண்டாட்டியே அவன்கிட்ட கத்துக்கிட்டா, நான் போர்டைக் கழட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். ஆனாலும் எனக்கு ஐம்பத்தொரு வயது. இதை விட்டால் எப்போது?

அந்த வாரம்தான் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் முடிந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், மலை மேல் இருக்கும் ஓர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு நாளைக்கு அறை பதிவு செய்திருந்தாள். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து கிலோமீட்டர் ஏறி நடக்க வேண்டுமாம். மேலே துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்குமாம். ஆளுக்கொரு ஜோடி மலையேறும் பூட்ஸும் வாங்கி அனுப்பியிருந்தாள். நான் என்னுடையதை அன்றைக்கே போட்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். அவர் தன்னுடையதைத் தட்டிப் பார்த்து, "இவ்வளவு தடிமனா அடிப்பாகம் இருந்தா பெடல் எப்படித் தெரியும்?" என்று பெட்டியிலேயே திருப்பி வைத்துவிட்டார். பழைய கேன்வாஸ் ஷூதான் அவருக்குச் சரிப்படும்.

பள்ளி வண்டியில்தான் கிளம்பினோம். அது பயிற்சி வண்டி என்பதால் பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அவை வாத்தியாருக்கு. வாத்தியார் ஓட்டும்போது அந்த சீட்டில் நான் கால்களை ஒருபுறமாக ஒதுக்கி, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவள் மாதிரி உட்கார வேண்டும். இருபத்தாறு வருஷமாக எங்கே போனாலும் நான் அப்படித்தான் போகிறேன். கூரை மேல் 'பயிற்சியில்' என்ற பலகை வேறு. மலைப்பாதையில் எதிரே வந்த லாரிகளெல்லாம் எங்களைக் கண்டதும் பாறையோடு பாறையாக ஒதுங்கி நின்றன. அவருக்கு அதில் பெருமை.

அடிவாரத்தில் எஞ்சினை நிறுத்தியதும் நான் விஷயத்தைப் போட்டேன்.

"ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா? இங்கிருந்து ஏரிக்கு நடந்து, நான் படகு ஓட்டி, திரும்பி இந்தக் கார்கிட்ட வர்ற வரைக்கும், நான் என்ன செய்யணும்னு நீங்க எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அப்படி இருந்துட்டீங்கன்னா திங்கக்கிழமை உங்ககிட்டயே கத்துக்கறேன். சொன்னீங்கன்னா அரை கிளட்ச்."

"நீ படகு ஓட்டப் போறியா?"

"ஆமா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டார். "மத்தது பேசலாமா?"

"என்ன வேணா பேசலாம்."

"இவ்வளவுதானே" என்று இறங்கினார். நான் கதவைச் சாத்திய சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சொல்லவில்லை. பந்தயம் தொடங்கிவிட்டது.

நடக்க ஆரம்பித்த பத்தாவது நிமிஷத்தில் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. நான் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கழித்துவிட்டால், என்னிடம் பேசுவதற்கு அவர் கையில் சரக்கே இல்லை. அவரும் பாவம், முயன்று பார்த்தார். "வானம் நீலமா இருக்கு" என்றார். நூறு அடி நடந்த பிறகு, "இந்தப் பக்கமும் நீலமாத்தான் இருக்கு" என்றார். அதோடு தீர்ந்துபோயிற்று.

பாதை பைன் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறியது. கீழே உதிர்ந்த ஊசி இலைகள் மெத்தை மாதிரி இருந்தன. எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது, ஆனால் தண்ணீரைக் காணோம். நான் ஒரு கல்லில் வழுக்கினேன். பின்னால் அவர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மரத்திலிருந்த பறவையைக் கிளப்பிவிட்டது. இன்னொரு தடவை வழுக்கியபோது அவர் ஒரு மரத்தைப் பார்த்து, "சில பேர் ஏத்தத்துல பின்னால சாஞ்சு நடப்பாங்க, அது தப்பு" என்றார்.

"அது செல்லாது" என்றேன்.

"நான் மரத்துகிட்ட சொன்னேன்."

"மரம் எங்கேயும் நடக்கலையே. இதுதான் கடைசி. அடுத்த தடவை மரத்துகிட்ட சொன்னாலும் அரை கிளட்ச்தான்."

அடக்கி வைத்தது எங்கேயாவது வழிய வேண்டுமல்லவா? பாதை ஒடுங்கிப் பாறையை ஒட்டிப் போகும் இடத்தில் மேலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்தது, கீழிருந்து ஒரு கூட்டம் ஏறியது. இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. வாத்தியார் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்தார். "ஏற்றத்துல வர்றவங்களுக்குத்தான் முன்னுரிமை. இறங்கறவங்க உள்பக்கம் ஒதுங்குங்க. பை பெருசா இருக்கறவர் கடைசியா வாங்க. அவசரமே இல்ல, நிதானமா." குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது. முன்பின் தெரியாத முப்பது பேர் சொன்னபடி கேட்டு ஒழுங்காகப் பிரிந்து போனார்கள். ஒரு பெண் அவருக்கு நன்றி சொல்லி ஆரஞ்சுப் பழம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் குரலில் எனக்கு ஒருநாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் நான் என்றைக்கோ ஓட்டியிருப்பேன்.

"எல்லாருக்கும் எவ்வளவு பொறுமையாச் சொல்றீங்க" என்றேன்.

பழத்தை உரித்துக்கொண்டே நடந்தார். பாதிப் பழத்தை என்னிடம் நீட்டினார். விதை இருக்கிறது பார்த்துத் தின்னு என்று சொல்லத் துடித்தது அந்தக் கை. நான் விதையையும் சேர்த்து விழுங்கினேன்.

கடைசி வளைவு திரும்பியதும் ஏரி தெரிந்தது. நான் நின்றுவிட்டேன். மூன்று பக்கமும் மலை, நடுவில் கரும்பச்சைத் தண்ணீர், ஒரு சுருக்கம் இல்லை. எதிர் மலையின் இடுக்கில் காலையில் இறங்கிய மூடுபனி கொஞ்சம் கலையாமல் கிடந்தது. தண்ணீரிலும் அந்த மலை, அந்தப் பனி. பன்னிரண்டு நாற்காலி போட்ட அறையில் வாழ்க்கையைக் கழித்த எனக்கு அவ்வளவு இடத்தை ஒரே சமயத்தில் பார்த்துப் பழக்கமில்லை. கண்ணில் நீர் வந்தது. இவர் பக்கத்தில் வந்து நின்று, "அகலமா இருக்கு" என்றார். அது அன்றைக்கு அவர் பேசிய நல்ல வாக்கியம்.

கரையில் ஒரு மரக் கொட்டகை, எட்டு படகு, கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு படகுக்காரர். எங்கள் இருவருக்கும் மிதவைச் சட்டை மாட்டி, வார்களை இழுத்துக் கட்டினார். பிறகு படகின் அடித்தளத்தில், பயணி உட்காரும் பின்பலகைக்கு முன்னால் இருந்த ஒரு கறுப்பு ரப்பர் தக்கையைக் காட்டினார்.

"மழைத் தண்ணி நின்னா கரையில ஏத்தி வெச்சு இதைப் பிடுங்கி வடிய விடுவோம். தண்ணில இருக்கும்போது இது மேல கை வெச்சுடாதீங்க."

"கை வைக்க மாட்டோம்" என்றார் வாத்தியார். அந்த வாக்கை அவர் கடைசிவரை காப்பாற்றினார்.

"யாரு ஓட்டப் போறது?"

"நான்" என்றேன்.

படகுக்காரர் என்னை நடுப்பலகையில் உட்கார வைத்து, துடுப்பைக் கையில் கொடுத்தார். கால் வைத்து உந்த உயரமாக ஒரு குறுக்குக் கட்டை இருந்தது. "போற திசைக்கு முதுகைக் காட்டிட்டுத்தான் உக்காரணும். ரெண்டையும் சேத்து இழுத்தா நேரா போகும். ஒண்ணை மட்டும் இழுத்தா திரும்பும். உங்களுக்கு வழி தெரியாது, அதனால எதிர்ல உக்காந்திருக்கற ஐயா பாத்துச் சொல்லுவாரு."

நானும் வாத்தியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அவர் சொல்ல மாட்டாரு" என்றேன்.

"ஏம்மா, பேச்சு வராதா?"

"நிறைய வரும். இன்னிக்கு மட்டும் வராது."

எதிர்க்கரையில் வெள்ளையடித்த ஒரு பாறை இருந்தது. அதைத் துடுப்பால் தொட்டுவிட்டுத் திரும்புவதுதான் அங்கே வழக்கமாம். தொடாமல் பாதியில் திரும்புகிறவர்கள் நிறையப் பேர் என்று படகுக்காரர் சொன்னார். நான் தொட்டுவிட்டுத்தான் வருவேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதல் பத்து நிமிஷம் படகு இருந்த இடத்திலேயே வட்டம் போட்டது. வாத்தியார் உதட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, தானாகவே கை பழகியது. இழு, தூக்கு, பின்னால் கொண்டு போ, இழு. படகு நேராகப் போக ஆரம்பித்தது. கரையிலிருந்த கொட்டகை சிறிதாகியது. என் கையால் ஒரு வாகனம் நகர்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதை மாதிரி ஏறியது.

வழி பார்க்கத் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்தது. அப்போதுதான் கண்டுபிடித்தேன். திரும்பவே வேண்டியதில்லை. எனக்கு எதிரே அவருடைய முகம் இருக்கிறது. புருவம் மேலே போனால் முன்னால் ஏதோ இருக்கிறது. இடது கண் சுருங்கினால் அந்தப் பக்கம் ஒதுங்குகிறேன் என்று அர்த்தம். தோள் இறங்கினால் எல்லாம் சரி. முப்பது வருஷம் கண்ணாடியைப் பார்த்தே பிழைத்தவருடைய முகத்தை நான் கண்ணாடியாக்கிக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தயமும் கெடவில்லை.

ஏரியின் முக்கால் பங்கு தாண்டியிருப்போம். திடீரென்று அவர் கண் இரண்டும் முட்டையளவு விரிந்தன. திரும்பிப் பார்த்தேன், தண்ணீருக்கு வெளியே ஒரு பாறை, எருமை முதுகு மாதிரி, பத்தடி தூரத்தில். அதே நொடியில் பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ஒரு துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, மற்றதை உயிர் போகிற மாதிரி இழுத்தேன். படகு சாய்ந்து, திரும்பி, பாறையை உரசாமல் கடந்தது.

ஐம்பத்தொரு வயதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தீங்களா?" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். முகம் வெளுத்திருந்தது. உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்து, வலது குதிகாலைத் தரையில் அழுத்தி, தியானத்தில் இருப்பவர் மாதிரி ஆகிவிட்டார். பரவாயில்லை, மனுஷன் கடைசியில் அடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மௌனம் கலக நாஸ்தி, பேசாதிருந்தால் சண்டையில்லை என்று சும்மாவா சொன்னார்கள்? சும்மா இருக்கக் கற்றுக்கொண்டார். எனக்கு அவர் மேல் பிரியம்கூட வந்தது.

படகு கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. கை ஓய்ந்துவிட்டது போல, என்று இன்னும் வேகமாக இழுத்தேன். ஒரு கால் மணி நேரத்தில் வெள்ளைப் பாறைக்கு வந்துவிட்டோம். துடுப்பைத் தூக்கி அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினேன். கல்லில் மரம் பட்ட அந்தச் சத்தம் என் கைவரை வந்தது. யாராவது கைதட்ட மாட்டார்களா என்று இருந்தது.

அப்போது வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டுப் பை நீந்தி வந்து என் காலில் முட்டியது.

ரொட்டி, அவித்த முட்டை, வெள்ளரிக்காய், ஃபிளாஸ்க் எல்லாம் உள்ளே இருந்தபடியே மிதந்துகொண்டிருந்தன. அதுவரை அவர் முகத்தையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த நான் குனிந்து பார்த்தேன். என் பக்கம் பூட்ஸ் நனையும் அளவு. அவர் பக்கம் படகு தாழ்ந்திருந்ததால் தண்ணீர் அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஐஸ் மாதிரி மலைத் தண்ணீர். கேன்வாஸ் ஷூ அதற்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"என்ன இது?"

அவர் தக்கை இருந்த இடத்தைக் காட்டினார். தக்கை இல்லை. பாறையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்திருக்கிறார். ஏரியில் பிரேக் ஏது? தக்கைதான் இருந்தது. மிதித்த மிதியில் அது அடிப்பக்கமாகக் கழன்று ஏரிக்குள் போய்விட்டது. கால் மணி நேரமாக அந்த ஓட்டையைக் குதிகாலால் அடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குதிகால் என்ன தக்கையா? சுற்றி வழியாகத் தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது.

"படகு ஓட்டையாச்சுன்னு சொல்லக் கூடாதா? அது நான் என்ன செய்யணும்னு சொல்றது இல்லையே."

அவர் பல் தந்தியடித்தது. "அதைச் சொல்லியிருந்தா... அடுத்து 'திருப்பு'ன்னு வந்திருக்கும் வாயில. நீ... பாறையைத் தொடணும்னு இருந்தே."

அழுவதா, துடுப்பால் ஒரு போடு போடுவதா? இரண்டுக்கும் நேரமில்லை. அந்தக் கரை செங்குத்துப் பாறை, ஏற வழியில்லை. திரும்பித்தான் ஆக வேண்டும். மிதவைச் சட்டை இருக்கிறது, மூழ்க மாட்டோம் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நீல உதட்டோடு இந்த மனுஷன் அந்தத் தண்ணீரில் விழுந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஷூவைக் கழட்டுங்க. அந்தக் கால் இல்ல, இந்தக் கால். சாக்ஸை உருவுங்க. சுருட்டுங்க. இறுக்கிச் சுருட்டுங்க. காலை எடுத்த உடனே திணிக்கணும், லேட் பண்ணாதீங்க. திணிங்க, திணிங்க, திணிங்க. ரெண்டாவது சாக்ஸையும். ஃபிளாஸ்க் மூடியை எடுங்க. தண்ணியை மொண்டு வெளிய ஊத்துங்க. அந்தப் பக்கம் சாயாதீங்க. நடுவுல உக்காருங்க. வேடிக்கை பாக்காதீங்க. மொண்டு ஊத்துங்கன்னா ஊத்துங்க. என்ன பொம்மை மாதிரி..."

நாற்சந்தியில் என் காதில் விழுந்த அதே குரல். அதே ஒரு சொல் மூன்று தடவை. அது என் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு அவர் மேல் துளிக் கோபம் இல்லை. பயம், அவ்வளவுதான். அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். இருபத்தாறு வருஷமாக அந்தக் குரலைக் கோபம் என்று நினைத்துச் சண்டை போட்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கத்துவதை நிறுத்த முடியவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் செய்தார். எதிர்த்து ஒரு பேச்சில்லை. எங்கள் மாணவர்களில்கூட அப்படி ஒருவன் இருந்ததில்லை. நான் இழுத்தேன், அவர் மொண்டார். எருமை முதுகுப் பாறையை இந்தத் தடவை தூரத்திலேயே சுற்றிக்கொண்டு வந்தேன். பாதி ஏரியில் அவர் முகத்தைப் பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது.

கரை தட்டியபோது படகுக்காரர் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து படகைப் பிடித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். தக்கை இருந்த இடத்தில் இரண்டு சாம்பல் நிற சாக்ஸ்.

"இவ்வளவு தண்ணியோட அந்தக் கரைல இருந்தா வந்தீங்க? யாரு ஓட்டினது?"

"இவங்கதான்" என்றார் வாத்தியார். "நேரா கொண்டு வந்தாங்க. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

மூவாயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர், ஒருவர் ஓட்டியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. பல் டாக்டருக்குக்கூட, உரிமம் வாங்கிய அன்றைக்கு, ரிவர்ஸ் கொஞ்சம் பாத்துக்குங்க என்றுதான் சொல்லி அனுப்பினார். நான் அந்த ஈரக்கரையில் நின்று, முகத்தைத் துடைக்கிற சாக்கில் அழுதேன்.

கொட்டகைக்குள் அடுப்பு இருந்தது. படகுக்காரர் அவர் காலுக்குக் கம்பளி சுற்றி, சூடாகத் தேநீர் கொடுத்தார். தக்கைக்கு மன்னிப்புக் கேட்டோம். இதுவரை எத்தனையோ பேர் துடுப்பைத் தொலைத்திருக்கிறார்கள், ஒருவர் தன் மனைவியையே கரையில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார், ஆனால் பிரேக் போட்டவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் அவர். மகள் பதிவு செய்த அறையில் தங்கிவிட்டு, மறுநாள் படகுக்காரர் கொடுத்த ரப்பர் செருப்பில் வாத்தியார் மலை இறங்கினார். வழியெல்லாம் நான் எங்கே கால் வைத்தாலும் அவர் பேசவில்லை. கார் தெரிந்தது. நான் போய் அதன் மேல் கை வைத்தேன்.

"சரி, நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றேன். "திங்கக்கிழமை உங்ககிட்டயே கத்துக்கறேன்."

அவர் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார்.

"தண்ணியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதனாலதான் வாயை மூடிக்கிட்டு இருக்க முடிஞ்சுது" என்றார். "காரைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும். எங்கெங்க என்னென்ன ஆகும்னு முப்பது வருஷமா பாத்திருக்கேன். நீ ஓட்டினா அதெல்லாம் ஒண்ணா கண்ணு முன்னால வருது. மத்தவங்க ஓட்டினா வர்றதில்ல." சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். "என்னால முடியாது. நீ அவன்கிட்டயே போ."

"போர்டைக் கழட்டணும்னு சொன்னீங்களே."

"அதை நான் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நான் செருப்பைப் போட்டபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். எங்கள் பள்ளி வாசலில் இரண்டு மாணவர்கள் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க, எதிர்வீட்டுக்காரி வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கப் பார்க்க, அவர் என்னோடு தெருவைக் கடந்து அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

அரை கிளட்ச் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் எழுந்ததில் பாதித் தேநீர் சட்டையில் கொட்டியது.

"வாத்தியாரே, நான் வேண்டாம்னுதான் சொன்னேன், அக்காதான்..."

"உக்காருடா" என்றார். மலைப்பாதையில் நான் கேட்ட அந்த வெண்ணெய்க் குரல். "என் வீட்டுக்காரிக்கு நீதான் கத்துக்குடுக்கணும். என்னால முடியல."

உள்ளே இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

நான் நீல வண்டியில் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்த அரை கிளட்ச் சீட் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான். வாத்தியார் சன்னல் ஓரமாக வந்தார். வாய் திறந்தது, மூடியது. கூரையை இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்து போனார். நான் வண்டியை எடுக்கும்வரைகூட நிற்கவில்லை. நின்றால் பேசிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.